ஓட்டத்தின் நடுவில் குதிரை மாறலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிபெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

வியாபாரிகளாகிய நமக்குத் தராசைப்பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு முத்திரை வைத்துக்கொள்கிறோம். முத்திரையில்லாத தராசில் நிறுத்தால் அபராதம் என்பதையும் அறிவோம். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் தனியாக ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதும் சின்னஞ்சிறு பிள்ளையும் சொல்லும். தனக்கு வாங்கும்போது ஓர் அளவு, பிறருக்குக் கொடுக்கும்போது வேறோர் அளவு என்று வைத்திருப்பவனுக்கு மறுமையில் நிற்க இடமில்லை.

ஆனால், சகோதரர்களே, தராசு என்பது கடையில் மட்டுந்தானா இருக்கிறது? தோட்டத்துத் திடலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பந்து ஆடுகிறார்களே, அங்கே நடுவர் கையில் இருப்பது தராசு. தேர்தல் நாளில் பள்ளிக்கூடத்து அறையில் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதுவும் தராசு. நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குகிறோமே, அதுவும் தராசுதான். கடைத் தராசில் ஒரு கிராம் குறைந்தால் துடித்துப்போகும் நாம், இந்த மூன்று தராசுகளிலும் கல்லை மாற்றி வைப்பவர்களைப் பார்த்து, “இதெல்லாம் விளையாட்டுதானே, இதெல்லாம் அரசியல்தானே” என்று சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். அது சரிதானா என்பதைத்தான் இந்த இதழில் சற்றே சிந்திக்க விரும்புகிறேன்.

நபிகளார் நடத்திய பந்தயம்

போட்டி என்பதே மார்க்கத்துக்கு ஆகாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நம் நபிபெருமானார் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தீனி அளந்து கொடுத்து, பழக்கி, உடல் இறுகச் செய்த குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா என்ற கணவாய் வரை தூரம் வைத்தார்கள். அப்படிப் பழக்கப்படாத குதிரைகளுக்கு அந்தக் கணவாயிலிருந்து பனூ ஸுரைக் கூட்டத்தாரின் பள்ளிவாசல் வரை மட்டுமே தூரம். முதலாவது ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரே மைல் என்று ஹதீஸை அறிவித்தவர்கள் விளக்கியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் குதிரை ஓட்டியவர்களில் ஒருவர்.

இதன் கருத்து என்ன? பலமுள்ளதை பலமில்லாததோடு ஓடவிட்டு வெற்றி என்று கொண்டாடுவது போட்டியாகாது. சமமானவர்களைச் சமமானவர்களோடு நிறுத்துவதுதான் முதல் நியாயம். இது மதீனத்து மணலில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட முறை.

தோல்வியை எப்படி ஏற்பது என்பதையும் அவர்களிடமே கற்கலாம். நபிகளாரிடம் அள்பா என்ற பெயருடைய ஒட்டகம் ஒன்று இருந்தது. ஓட்டத்தில் அதை முந்திய ஒட்டகம் அதுவரை கிடையாது. ஒரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தின் மீது வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. பெருமானாரோ சிறிதும் வருந்தவில்லை. இவ்வுலகில் உயர்ந்த எதையும் ஒரு நாள் தாழ்த்திக் காட்டுவது அல்லாஹ்வின் நியதி என்னும் கருத்தைச் சொல்லித் தோழர்களை அமைதிப்படுத்தினார்கள். வென்றவரை எவரும் ஏசவில்லை. “ஓட்டம் செல்லாது, மறுபடி ஓடு” என்று எவரும் சொல்லவில்லை. மதீனாவின் தலைவருடைய ஒட்டகம் தோற்றது, நாட்டுப்புறத்தாரின் ஒட்டகம் வென்றது, கதை அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பந்தயத்தில் இரண்டு காரியங்கள் கூடாதென்று நபிகளார் தடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அரபியில் ஜலப் என்றும் ஜனப் என்றும் பெயர். ஓடுகிற குதிரைக்குப் பின்னால் ஆளை நிறுத்தி, கூச்சல் போட்டு அதை விரட்டச் செய்வது ஜலப். பக்கத்திலேயே ஆளேறாத இன்னொரு குதிரையை ஓட்டி வந்து, முதல் குதிரை களைத்ததும் ஓட்டத்தின் நடுவில் அதன்மேல் தாவிக்கொள்வது ஜனப். உலமாக்கள் இவ்வாறு பொருள் கூறியிருக்கிறார்கள்.

சகோதரர்களே, இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டிலும் அரசியலிலும் இன்று நாம் காணும் மோசங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஒன்று, திடலுக்கு வெளியே இருப்பவன் ஓட்டத்தைத் தீர்மானிப்பது. மற்றொன்று, ஏறி வந்த குதிரையை நடுவழியில் விட்டுவிட்டு வேறொன்றில் தாவுவது.

திடலில் நடப்பது

நம் வட்டாரத்தில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று எங்கு போனாலும் பந்து விளையாட்டுக்குக் குறைவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த ஊர்தான் 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா. அதன் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. பால்மரக் காலத்திலும் சரி, செம்பனைக் காலத்திலும் சரி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் இருந்த செல்வம் அந்தத் திடல் ஒன்றுதான். சிலாங்கூர் அணிக்குக் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தைப்பற்றியும், கோல் போட்ட மொக்தார் டஹாரியைப்பற்றியும் நம் தகப்பன்மார்கள் கடை வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர். இருவரும் “நம்ம ஆள்”.

அந்தப் பேச்சு ஏன் நின்றுபோனது? ஒரு காரணம் 1994-இல் நடந்தது. அந்த ஆண்டுதான் மலேசியக் காற்பந்து லீக் முழுத் தொழில்முறைப் போட்டியாக ஆனது. சிங்கப்பூர் அணி லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. ஆனால் அதே காலத்தில்தான் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கி ஆட்டத்தை விற்ற செய்தியும் வெளிவந்தது. நூற்றுக்கும் அதிகமான ஆட்டக்காரர்களைப் போலீசார் விசாரித்தார்கள். பலருக்கு விளையாடத் தடை விதிக்கப்பட்டது. சிலர் சொந்த ஊரை விட்டே வேறிடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டனர். மறு ஆண்டு சிங்கப்பூர் நம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

ஆட்டத்தை விற்பதென்றால் தோற்பது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். தரகன் அவ்வளவு முட்டாள் அல்லன். “நீ வெற்றி பெறு, ஆனால் ஒரு கோலுக்கு மேல் போடாதே” என்பான். பந்தயம் கட்டுபவன் எத்தனை கோல் வித்தியாசம் என்பதில் பணம் வைக்கிறான். ஆட்டக்காரன் மனசாட்சியிடம், “நான் என் அணியைத் தோற்கடிக்கவில்லையே” என்று சொல்லிக்கொள்கிறான். வெல்லவும் செய்கிறான், விற்கவும் செய்கிறான். பொட்டலத்தின் மேல் நல்ல மிளகையும் அடியில் பப்பாளி விதையையும் வைத்து விற்பவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? மேலே பார்த்தால் மிளகுதான்!

இது காற்பந்தோடு நிற்கவில்லை. 2011-இல் உலக இளையோர் பூப்பந்துப் போட்டியில் மலேசியாவின் சுல்பாட்லி சுல்கிப்ளி வெற்றி பெற்றார். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சன். பிறகு என்ன நடந்தது? ஆட்டங்களை முன்கூட்டியே தீர்மானித்த குற்றத்துக்காக 2018-இல் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் சுல்பாட்லிக்கு 20 ஆண்டுகளும், இன்னொரு மலேசியரான தான் சுன் சியாங்குக்கு 15 ஆண்டுகளும் தடை விதித்தது. தோற்ற ஆக்செல்சனோ 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிலும் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். அன்று தோற்றவர் தோல்வியில் எதையும் இழக்கவில்லை. வென்றவரோ பின்னால் தம் கையாலேயே அனைத்தையும் இழந்தார்.

நேர்மையாகத் தோற்றவன் இழப்பது ஓர் ஆட்டம். மோசம் செய்தவன் இழப்பது, தனக்கு முன்பு கிடைத்த வெற்றிகளையும் சேர்த்துத்தான். அவன் மட்டுமா இழக்கிறான்? பக்கத்தில் நின்று வியர்வை சிந்தி நேர்மையாக ஆடிய பத்துப் பேர் மீதும் சந்தேகம் விழுகிறது. சீட்டு வாங்கி மழையில் நனைந்தபடி கத்தியவன், “நான் பார்த்ததெல்லாம் நாடகமா?” என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மறுபடி வருவதில்லை. விசுவாசம் என்பது காசு கொடுத்துத் திரும்ப வாங்கக்கூடிய சரக்கு அல்ல.

இதை நம் சிறு திடல்களிலும் காண்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்துப் போட்டிக்கு என் கடையிலிருந்து பரிசுக் கூடை கொடுத்திருந்தேன். வெளியூரில் லீக் ஆடுகிற இருவரைத் தோட்டத்துப் பிள்ளைகளின் அடையாளச் சீட்டோடு ஓர் அணியினர் இறக்கிவிட்டார்கள். நடுவருக்கும் தெரியும், நடத்தியவர்களுக்கும் தெரியும். எவரும் வாய் திறக்கவில்லை. தோற்ற அணியில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் மறுநாள் கடைக்கு வந்து, “மாமா, அடுத்த வருசம் நாங்களும் ஆள் கூட்டி வரப்போறோம்” என்றான். சகோதரர்களே, அந்தக் கூடையில் இருந்த பிஸ்கட்டும் மைலோவும் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் அவன் வளர வளரக் கூடவே வளரும்.

பெட்டிக்குள் போடுவது

அந்தப் பிள்ளை வளர்ந்து வாக்காளனாகிறான். இனி அவன் போகும் திடல் பெரியது.

வாக்கு என்பது சாட்சி என்று நம் ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். “இவர் தகுதியானவர்” என்று அல்லாஹ்வை முன்வைத்துச் சாட்சி சொல்கிறோம். சாட்சிக்கு விலை உண்டா?

நம் வாசலிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2007 ஏப்ரல் 28-இல் ஈஜோக் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணியின் சார்பில் ம.இ.கா.வைச் சேர்ந்த கே. பார்த்திபனும், மக்கள் நீதிக் கட்சியின் சார்பில் காலிட் இப்ராஹிமும் நின்றார்கள். பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஓராண்டுகூட ஆகவில்லை, 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் அதே ஈஜோக்கில் காலிட் வென்று மாநிலத்தின் மந்திரி பெசாராகவும் ஆனார். யார் வென்றார், யார் தோற்றார் என்பதல்ல நம் பேச்சு. இடைத்தேர்தலுக்கு முந்திய நாட்களில் நம் சாலைகளில் அவசர அவசரமாகத் தார் போடப்பட்டதைப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆண்டுக்கணக்கில் குழியும் சேறுமாகக் கிடந்த பாதைக்குத் தேர்தல் வந்த பிறகுதானா கண் தெரிந்தது?

இந்த இடத்தில் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. ஸகாத் வசூலிக்க நபிகளார் அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, “இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது” என்று பிரித்து வைத்தார். பெருமானார் மிம்பரில் ஏறி, அந்த மனிதர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அப்படியே நாம் கேட்போம். தேர்தல் இல்லாவிட்டால் இந்தத் தார் வந்திருக்குமா? இந்த அரிசி மூட்டை வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது நம் உரிமை; வாங்கிக்கொள்ளலாம். வந்திருக்காது என்றால் அது சாட்சிக்குக் கொடுக்கப்படும் விலை.

கொடுப்பவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த அரிசி எந்தக் கடையிலிருந்து போகிறது? நம் கடைகளிலிருந்துதான்! தேர்தல் வந்தால் ஏஜண்டு வந்து நூறு பொட்டலம், இருநூறு பொட்டலம் என்று கேட்பார். சில இடங்களில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, அதைக் கொண்டு வருபவருக்கெல்லாம் சாமான் கொடுக்கச் சொல்வதும் உண்டு. அரிசி விற்பது ஹலால்தான், சந்தேகமில்லை. ஆனால் லஞ்சம் கொடுப்பவன், வாங்குபவன் இருவரோடு இடையில் நின்று நடத்திக் கொடுப்பவனையும் சேர்த்தே நம் மார்க்கம் கண்டிக்கிறது. இந்நாட்டின் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமும் வாக்குக்காகப் பணமோ விருந்தோ கொடுப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. துண்டுச் சீட்டுக்குச் சாமான் நிறுக்கும்போது நம் தராசில் இருப்பது அரிசி மட்டும்தானா என்று ஒவ்வொரு கடைக்காரரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாவுகிற குதிரைகள்

இதுவரை சொன்னது ஜலப்; அதாவது வெளியே நிற்பவன் ஓட்டத்தைத் தீர்மானிப்பது. இனி ஜனப்புக்கு வருவோம்.

காற்பந்து விற்கப்பட்ட அதே 1994-இல் சபா மாநிலத்தில் தேர்தல் நடந்தது. 48 இடங்களில் 25-ஐ வென்று சபா ஐக்கியக் கட்சி, அதாவது பி.பி.எஸ்., ஆட்சி அமைத்தது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாவியதில் ஒரு மாதத்துக்குள் அந்த ஆட்சி போய்விட்டது. 2009 பிப்ரவரியில் பேராக் மாநிலத்தில் மூன்றே உறுப்பினர்கள் விலகியதால் ஆட்சி மாறியது. 2018 மே 9-இல் மக்கள் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த மத்திய அரசாங்கம், 2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஓட்டல் ஒன்றில் நடந்த கூட்டத்தைத் தொடர்ந்து, இருபத்திரண்டு மாதத்தில் கவிழ்ந்தது. தாவுபவர்களை மலாய்க்காரர்கள் “காத்தாக்”, அதாவது தவளை, என்று அழைக்கிறார்கள். நாடு முழுதும் இந்தச் சொல்லைக் கேட்டுச் சலித்த பிறகு, 2022 ஜூலை 28-இல் மக்களவையில் 209 உறுப்பினர்கள் ஒரே மனதாக வாக்களித்துக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அது அவ்வாண்டு அக்டோபர் 5-இல் அமலுக்கு வந்தது. கட்சியை விட்டுத் தாமாக விலகுபவர் பதவியை இழப்பார் என்பது அதன் சாரம். கட்சியே நீக்கினால் பதவி போகாது.

சட்டம் வந்தது, தாவல் நின்றதா? நமக்கு வடக்கே இருக்கும் தஞ்சோங் காராங்கையே பாருங்கள். 2022 நவம்பர் 19 தேர்தலில் பெரிக்காத்தான் நேஷனல் சார்பில் பெர்சத்து கட்சியின் சுல்காஃப்பெரி ஹனாப்பி அங்கே வென்றார். அதன் பிறகு பெர்சத்துவைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகாமலேயே பிரதமர் அன்வாருக்கு ஆதரவு அறிவித்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர். தொகுதி மக்களின் நன்மைக்காக என்றார்கள். இது துரோகம் என்றது கட்சி; தன் சட்டவிதியைத் திருத்தி அவர்களுடைய உறுப்பியம் முடிந்ததென்றது. 2024 ஜூலையில் மக்களவைச் சபாநாயகர், அந்த ஆறு இடங்களும் காலியாகவில்லை என்று தீர்ப்பளித்தார்.

யார் நெஞ்சில் என்ன நிய்யத்து இருந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். தொகுதிக்குப் பணம் வராமல் மக்கள் அவதிப்படுவதைக் கண்டு உண்மையாகவே மனம் வருந்தியவர்களும் இருக்கலாம். எதிர்க்கட்சித் தொகுதிக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுப்பதும் அளவையில் மோசம்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. கட்சியைக் கேட்டார்கள், சபாநாயகரைக் கேட்டார்கள், சட்டப் புத்தகத்தைக் கேட்டார்கள்; வாக்களித்த தஞ்சோங் காராங் வாக்காளனைக் கேட்டார்களா? பருப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு உளுந்தை நிறுத்துக் கொடுத்தால், “உளுந்தும் நல்ல சரக்குதானே” என்று சொல்லி நாம் தப்ப முடியுமா? உளுந்து நல்லதாகவே இருக்கட்டும். வாங்க வந்தவரைக் கேட்டிருக்க வேண்டும்!

திருமறையில் நஹ்ல் என்னும் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் உவமை வருகிறது. பாடுபட்டு நூலை உறுதியாக நூற்றுவிட்டு, பிறகு தானே அதைப் பிரித்துப் பாழாக்கியவள் அவள். ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைவிட எண்ணிக்கையிலும் செல்வத்திலும் பெருத்திருக்கிறது என்பதற்காகச் செய்த சத்தியத்தை மோசடிக்குக் கருவியாக்காதீர்கள் என்பதே அந்த எச்சரிக்கையின் கருத்து. எண்ணிக்கைக்காக வாக்கை முறிப்பது! இன்றைய பத்திரிகையைப் பார்த்து இறங்கியதுபோல் இல்லையா?

பத்ருப் போரில் நபிகளாரிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 313 பேர். எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம். அப்போது ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தகப்பனாரும் வழியில் குறைஷிகளிடம் பிடிபட்டு, “போரில் சேரமாட்டோம்” என்று வாக்குக் கொடுத்து விடுபட்டு வந்தார்கள். பகைவனிடம், அதுவும் நெருக்கடியில் கொடுத்த வாக்கு. ஆனாலும் பெருமானார் அவர்களைப் போரில் சேர்க்கவில்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆள் குறைவதை ஏற்றார்கள். வாக்குக் குறைவதை ஏற்கவில்லை. இரண்டு உறுப்பினருக்காக இரவோடிரவாக எதையும் செய்யத் துணியும் காலத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

விசுவாசம் யாருக்கு?

“அப்படியானால் கட்சியோ அணியோ என்ன அநியாயம் செய்தாலும் கூடவே கிடக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. கூடாது என்பதே பதில். அநியாயத்தில் தன் கூட்டத்தாருக்குத் துணை நிற்பதற்கு விசுவாசம் என்று பெயரில்லை; அஸபிய்யத், அதாவது குல வெறி, என்று பெயர். நம் சகோதரன் அநியாயம் இழைக்கப்பட்டவனாக இருந்தாலும், அநியாயம் செய்பவனாக இருந்தாலும் அவனுக்கு உதவ வேண்டும் என்று நபிகளார் சொன்னபோது தோழர்கள் திகைத்தார்கள். அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது? அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது.

ஆகவே குதிரை கெட்ட வழியில் போனால் இறங்கிவிடுங்கள், குற்றமில்லை. ஆனால் இறங்கியவர் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், மக்களிடம் சொல்லி, புதிதாக ஓட வேண்டும். பாதித் தூரத்தைப் பழைய குதிரையில் கடந்துவிட்டு, மீதித் தூரத்தைப் புதிய குதிரையில் ஓடி, முழுப் பரிசையும் கேட்பதுதான் கூடாது. விசுவாசம் முதலில் குதிரைக்கும் அல்ல, கொடிக்கும் அல்ல. ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கும் நம்பிக் கொடுத்தவருக்கும்தான். நியாயமும் விசுவாசமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதில் எதையும் நிறுக்க முடியாது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவையும் வெளியே இருப்பவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் சங்கங்களிலும் ஜமாஅத்துகளிலும் தேர்தல் வருகிறது. ஆண்டு முழுதும் எட்டிப் பார்க்காதவர்களுக்குச் சந்தாவைத் தாமே கட்டிக் கடைசி வாரத்தில் உறுப்பினராக்கிக் கூட்டி வருவது பல இடங்களில் நடக்கிறது. அது அடையாளச் சீட்டை மாற்றி ஆள் இறக்கிய அந்தத் தோட்டத்து அணியின் வேலையல்லாமல் வேறென்ன? “அவர் எங்க ஊர்க்காரர்” என்பதற்காகத் தகுதியில்லாதவருக்குக் கை தூக்குவது, தோற்றதும் கோபித்துக்கொண்டு தனிச் சங்கம் தொடங்குவது, வென்றதும் தோற்றவர் சொல்லும் நல்ல யோசனையையும் குப்பையில் போடுவது, இவையெல்லாம் நமக்குப் புதிதா?

ஆகவே இந்த நான்கு காரியங்களையாவது நம் கடையிலிருந்தே தொடங்குவோம். பரிசு கொடுக்கும் கடைக்காரர், “அடையாளச் சீட்டைச் சரிபார்த்தால்தான் கூடை” என்று நிபந்தனை வைக்கட்டும். பந்து ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டும் பேச்சு, கைப்பேசியில் ஆனாலும் சரி, நம் கடை மேசையில் நடக்க வேண்டாம். மது, சூது இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து ஷைத்தானின் வேலை என்று மறை கண்டித்திருப்பதை மறக்கக் கூடாது. தேர்தல் துண்டுச் சீட்டுக்குச் சாமான் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுவோம். சங்கத் தேர்தலில் உறுப்பினர் பட்டியலை நாள் குறிப்பதற்கு முன்பே முடித்து, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டிவிடுவோம்.

இதனால் சில நூறு வெள்ளி வியாபாரம் குறையலாம். குறையட்டும். 2022 தேர்தலில் நம் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் சுல்கிப்ளி அகமட்டுக்கும் தெங்கு ஸஃப்ருலுக்கும் இருந்த வித்தியாசம் 1,002 வாக்குகள்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அது எம்மாத்திரம்? ஒரு சில கடைகளின் வாடிக்கைக்காரர் எண்ணிக்கை! தட்டு இவ்வளவு நெருக்கமாக நிற்கும் ஊரில், ஒரு கடைக்காரர் தம் தராசைச் சுத்தமாக வைத்திருப்பது சிறிய காரியம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

கியாமத்து நாளில் மீஸான் என்னும் தராசு நிறுத்தப்படும். அங்கே முத்திரை வைக்கப் போகிறவன் அல்லாஹ். அங்கே நடுவரை விலைக்கு வாங்க முடியாது. வெளியே நின்று கூச்சலிட ஆளில்லை. களைத்ததும் தாவிக்கொள்ள இரண்டாவது குதிரையும் இல்லை. ஏறி வந்ததோடுதான் போய் நிற்க வேண்டும்.

யா அல்லாஹ்! வென்றால் அகந்தை கொள்ளாமலும் தோற்றால் பொறாமை கொள்ளாமலும் எங்களைக் காப்பாயாக! கொடுத்த வாக்கிலும் எடுத்த தராசிலும் எங்களை உறுதியாக நிறுத்துவாயாக! எங்கள் பிள்ளைகள் திடலிலும் தெருவிலும் எங்களைப் பார்த்து நேர்மையைக் கற்கும்படி எங்களை ஆக்கி வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.